ஒரு கையெழுத்தில் இரண்டு கேள்வி

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, இணைய முகவரி ஒதுக்குறது கிராணி வேலை மாதிரிதானே? ஃபாரத்தப் பாத்தோமா, நம்பரக் குடுத்தோமா, அவ்ளோதானேலா?" ஏதோ குமாஸ்தா வேலை என்பதுபோலச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரம்பான் பக்கம் ராசாவில் என் வீடு போய்ச் சேரும்வரை பொருமிக்கொண்டே போனேன்.

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். கருவிகளை எப்படிப் பூட்டுவது, எண்களை எப்படி வகுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைப் பாழாக்க மாட்டேன். ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அது வெறும் கிராணி வேலையா இல்லையா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் இணையச் சேவை தரும் நிறுவனம் ஒன்றின் முகவரிப் பிரிவில் நாங்கள் மொத்தமே மூன்று பேர். நான் தினமும் சிரம்பானிலிருந்து ரயிலில் போய் வந்தேன். இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வேண்டும். அதுதான் முகவரி. அந்த எண்கள் அள்ள அள்ளக் குறையாதவை அல்ல. எங்கள் வட்டாரத்து நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதிவகம் இருந்தது. அது எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குத் தொகுதி தொகுதியாகத் தரும். நாங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துத் தருவோம். பணத்தைக் காட்டினால் கிடைக்காது. எத்தனை கணினி, எங்கே, எப்போது என்று எழுதித் தேவையைக் காட்ட வேண்டும். ஒருவன் பொய் சொல்லி வாரிக்கொண்டு போனால், நாளைக்கு ஒரு மருத்துவமனை வந்து கேட்கும்போது நாங்கள் கையை விரிக்க வேண்டும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் பிரிவுத் தலைவி, ஈப்போக்காரச் சீனப் பெண்மணி. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்த விண்ணப்பத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்தில் அவர்களுடைய ஆசை இருக்கும். கடைசிப் பக்கத்தில்தான் அவர்களிடம் என்ன இருக்கிறது என்பது இருக்கும்" என்பார். அவர் பேசியது ஆங்கிலத்தில். அது என் மண்டையில் இன்றுவரை தமிழில்தான் கேட்கிறது.

நான் பிறந்தது லுக்குட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர்கள். அவர்கள் போன பிறகு அக்கா அங்கேயே இருந்தாள். அவளும் பால்வெட்டுதான். என்னைப் படிக்க வைத்தது அவள் கத்தி. புருஷன் இறந்த பிறகும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டை விட்டு நகரவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வாசலிலேயே கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள்.

"இந்தச் சூராட்ட படிச்சுச் சொல்லுடா. ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்கு."

மலாயில் இருந்தது. தோட்டத்தை மூடி, நிலத்தில் புதிய நகரம் கட்டப்போகிறார்கள். லயத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு மலிவு விலை வீடு உண்டு. ஆனால் நிர்வாகத்தின் கணக்குப்படி நாற்பத்தெட்டு வீடுகளும் ஆளில்லாமல் கிடப்பவை. அங்கே இருப்பவர்கள் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள். குடியிருப்பைக் காட்டும் கம்பெனி ஆவணம் இருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். இல்லையென்றால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

படித்துச் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆளில்லாத வூடா? அப்ப நான் யாரு, பேயா? முப்பது வருசமா பேயா மரம் வெட்டுச்சு?"

ஆவணத்துக்கு எங்கே போவது? மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு எல்லோரையும் குத்தகை ஆளாக மாற்றிவிட்டார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டர் மோட்டாரில் வந்தது, அதனால் யார் பெயரிலும் பில் கிடையாது. அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், வீட்டு நம்பர் இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்கள். படித்த எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. படுபாவிகள்!

அதற்கு அடுத்த வாரம்தான் என் மேசைக்கு அந்த விண்ணப்பம் வந்தது. விண்ணப்பித்தது அக்காவின் தோட்டத்தை வைத்திருந்த அதே கம்பெனி.

அப்போது நாட்டில் எங்கே பார்த்தாலும் கணினி நகரம் என்ற பேச்சு. முகவரிகளைப் பெரிய தொகுதியாகக் கையில் வைத்திருந்தால் முதலீடு செய்ய வருகிறவர்களிடம் காட்டிப் பெருமை பேசலாம். அதற்காக ஏழு தோட்டங்களின் லயத்து வீடுகளையும் பட்டியல் போட்டு, வீட்டுக்கு ஒரு கணினி என்று எழுதியிருந்தார்கள். நான் பழக்கப்படி கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். லுக்குட் தோட்டம். நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தெட்டு பெயர். மேலிடத்தில் உண்மையான பெயர் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். தோட்டத்துக் கிராணி பெயர் கூப்பிடும் பழைய செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பத்தொன்றுக்கு நேரே அக்காவின் பெயர், அப்பா பெயரோடு. பக்கத்தில்: கணினி ஒன்று.

குழாய்த் தண்ணீர் வராத வீடு அது. வரிசைக்கு ஒரு குழாயில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் கணினியாம். வீடு கொடுக்க வேண்டிய இடத்தில் அவள் இல்லாத ஆள். எண்களை வாரிக்கொள்ள வேண்டிய இடத்தில் அவள் இருக்கிற ஆள். அந்தத் தாளைக் கசக்கி அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது.

நகல் எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தேன். தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்காரரிடம் ஒரு நகல் கொடுத்தால் போதும், கம்பெனியின் வாயாலேயே நாற்பத்தெட்டு குடும்பம் இருப்பது நிரூபணமாகிவிடும். தலைவி என் முகத்தைப் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்தப் பட்டியல் உன்னுடையது இல்லை" என்றார். "நம்மை நம்பிக் கொடுத்தது. பொய்யாகவே இருக்கட்டும். இன்றைக்கு நல்ல காரியத்துக்காக இதை வெளியே விட்டால், நாளைக்கு யாரும் நம்மிடம் உண்மையை எழுத மாட்டார்கள். இன்னொன்று. உன் அக்கா பெயர் இருக்கிற கோப்பை நீ பார்க்கக் கூடாது. பக்கத்து மேசைக்குக் கொடு."

கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசியுங்கள். நான் கொடுக்கவில்லை. "கேள்விக் கடிதத்தை மட்டும் நான் எழுதுகிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள்" என்று கெஞ்சினேன். சந்தேகம் வந்தால் விண்ணப்பித்தவரிடம் ஆதாரம் கேட்டுக் கடிதம் எழுதுவது நம் வழக்கம். கடைசியில் அவர் சரி என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். எல்லா வீட்டுக்கும் ஆதாரம் கேட்க முடியாது. மாதிரிக்கு ஒரு தோட்டம் போதும் என்பது விதி. நான் எந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு தாள். அதில் ஒரே வாக்கியம்: 'நான் இந்த வீட்டில் குடியிருக்கிறேன், இங்கே பொருத்தப்படும் கணினியைப் பயன்படுத்துவேன்.' கீழே குடியிருப்பவர் கையெழுத்து, கம்பெனி முத்திரை. இரண்டு பிரதி. ஒன்று எங்களுக்கு, ஒன்று அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். நான் எதையும் கசியவிடவில்லை. கம்பெனியே தன் முத்திரையைக் குத்தி, குடியிருப்புக்கான ஆதாரத்தை ஒவ்வொரு வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்போகிறது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அவ்வளவு திமிர்.

தலைவி படித்தார். "ஒரே கையெழுத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஏன்?"

"ரெண்டும் ஒன்னுதான் மேடம்" என்றேன், வெடுக்கென்று.

ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். குடியிருக்கிறாயா என்று மட்டும் தனியாகக் கேட்டால் கம்பெனிக்காரன் உஷாராகிவிடுவான். கணினியோடு ஒட்டிக் கேட்டால்தான் முகவரி ஆசையில் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவான். அதற்காகத்தான் ஒட்டினேன். தலைவி என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் கம்பெனியின் திட்ட அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சிரம்பானில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கழுத்துப்பட்டை, வாசனை, பெரிய காரின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேச்சு.

"தம்பி, நம்ம ஆளு நீங்க. இப்படி ஒவ்வொரு வூட்டுலயும் சைன் வாங்கச் சொன்னா எப்படிலா? கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

"வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்னு எழுதியிருக்கீங்க சார். அங்க தண்ணிப் பைப்பு இருக்கா?"

"அதெல்லாம் வரும்லா. எல்லாம் ஃபியூச்சர்."

"அந்த வூட்டுலல்லாம் ஆளுங்க இருக்காங்களா?"

"என்னா இப்படிக் கேக்குறீங்க? நெறஞ்சு கெடக்குறாங்க! வந்து பாருங்க, பொழுதானா ஒரே சத்தம்."

அவர் சொன்னதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். காலி வீடு என்று எழுதியது கம்பெனியின் நிலப் பிரிவு, நெறஞ்சு கெடக்குறாங்க என்று சொல்வது திட்டப் பிரிவு. ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளில் உட்கார்ந்துகொண்டு அதே மனுஷர்களை ஒருவன் அழிக்கிறான், ஒருவன் உண்டாக்குகிறான். அவருக்கு அது தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. "கையெழுத்து வந்தாத்தான் பாக்க முடியும் சார்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாத முறை வராவிட்டாலும் தோட்டத்துக்குப் போனேன். அக்கா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கிராணி வந்தான்டா, ஒரு தாளத் தூக்கிக்கிட்டு. கம்ப்யூட்டரு வரப்போவுதாம், அத நான் தட்டுவேன்னு கையெழுத்துப் போடணுமாம். எல்லாரும் போட்டுட்டாங்க. ஏன் போட்டீங்கன்னா, கிராணி சொன்னாரு போட்டோம்ங்கறாளுங்க. நான் போடல. தொரத்திட்டேன்."

"ஏங்க்கா?" என்றேன்.

"பொய்யுடா அது. நடக்காததுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? அப்பாவ மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அப்பா ஒருமுறை, கிராணி நீட்டிய தாளில் என்ன ஏது என்று கேட்காமல் பெருவிரலை வைத்தார். இனிமேல் தான் நிரந்தரத் தொழிலாளி இல்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. அன்றைக்கே அக்கா சத்தியம் செய்தாள், ஆபீசிலிருந்து வரும் எந்தத் தாளிலும் உண்மை இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று. இதை வீட்டிலேயே இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். கோலாலம்பூரில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு இது ஞாபகம் வரவே இல்லை.

'போடுக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிராணி திங்கட்கிழமையும் வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் கோப்பு வெளியே போய்விடும். நான் நெத்திலியைத் தின்றேன். தண்ணீர் குடித்தேன். பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

தாள்கள் வந்து சேர்ந்தன. நாற்பத்தேழு கையெழுத்து, சில பெருவிரல் ரேகைகள், எல்லாவற்றிலும் முத்திரை. முப்பத்தொன்று மட்டும் வெறுமையாக இருந்தது. தலைவி அந்தக் கட்டைப் புரட்டிவிட்டு, கணினி வாங்கியதற்கான ஆதாரத்தை அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதினார். அவர்களால் ஒரு விசைப்பலகைக்குக்கூட ஆதாரம் காட்ட முடியவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தோம். அந்த எண்கள் தப்பின. அந்த வேலையை நாங்கள் சரியாகத்தான் செய்தோம்.

லயத்தில் நான் எதிர்பார்த்தது நடந்தது. யாரோ ஒரு பெண் அந்தத் தாளைத் தொழிற்சங்கத்துக்காரரிடம் காட்ட, அவர் துள்ளிக் குதித்துக்கொண்டு நாற்பத்தேழையும் சேர்த்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். கம்பெனியால் தன் முத்திரையைத் தானே மறுக்க முடியவில்லை. நாற்பத்தேழு குடும்பத்துக்கும் வீடு கிடைத்தது.

முப்பத்தொன்றாம் வீட்டைப் பற்றிக் கம்பெனி சொன்ன பதிலைக் கேளுங்கள். "எங்கள் கிராணி ஒவ்வொரு வீடாகப் போனார். அந்த வீட்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லை." கிராணியைத் துரத்திய ஒரே மனுஷி ஆள் இல்லையாம்! அக்கா அங்கேதான் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் போய்ச் சொன்னார்கள். நானும் போய்ச் சொன்னேன். தொழிலாளர் அலுவலக அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: மற்ற நாற்பத்தேழு பேருக்கும் தாள் இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் இல்லை? உடன்பிறந்தவன் பேச்சு ஆதாரம் ஆகாது என்றார். உண்மையை விட்டுக்கொடுக்காத ஒருத்திதான் அந்த வரிசையிலேயே வீட்டை இழந்தாள். அந்த அலுவலகத்தின் படியில் நின்று நான் ஒரு குழந்தை மாதிரி கத்தினேன். காவலாளி வந்து தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இதுதான் நீங்கள் கிராணி வேலை என்று சொன்னது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சொந்தக்காரர் பெயர் இருக்கிற கோப்பைத் தொடாதீர்கள். எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் தொடாதீர்கள். ஒரு கையெழுத்துக்கு ஒரு கேள்வி வையுங்கள். குடியிருக்கிறேன் என்பதற்கு ஒரு வரி, கணினி என்பதற்கு ஒரு வரி என்று நான் பிரித்திருந்தால், முதல் வரியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாள். அது உண்மை. இரண்டாவதை அடித்திருப்பாள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஒரு ஆள் உட்கார்ந்து கை வைக்கப்போகிறார் என்பதை மறக்காதீர்கள். இதைச் சொல்லி முடித்துவிட்டால் நான் நல்ல ஆசான் போல எழுந்து போய்விடலாம். ஆனால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அக்கா அன்றிலிருந்து ராசாவில் என்னோடுதான் இருக்கிறாள். அந்தத் தாளை எழுதியது யார் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. வேலையில் இருக்கும்வரை விதியைக் காரணம் காட்டினேன். ஓய்வு பெற்று, கம்பெனியும் கலைந்து, கோப்பும் அழிந்த பிறகு காட்டுவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. போன வருடம் ஒரு நாள் காலை, அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பாள் என்று நினைத்தேன். என் நல்ல எண்ணத்தைப் புரிந்துகொள்வாள் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப அந்தத் தாளு நீ எழுதுனதா?"

"ஆமாக்கா."

"கம்ப்யூட்டரு வராதுன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். ஒங்க எல்லாருக்கும் வீடு கெடைக்கணும்னுதான்…"

"நிறுத்துடா." கீரையைக் கீழே வைத்தாள். "கம்பெனிக்காரன் எங்களக் கேக்காம எங்க பேருல பொய் எழுதுனான். நீ அத எங்க கையாலயே எழுத வெச்சிருக்க. படிக்கத் தெரியாதவளுங்க பெருவிரல வெச்சிருக்காளுங்க. அப்பா கையப் புடிச்சு வெச்சானே, அவனுக்கும் ஒனக்கும் என்னாடா வித்தியாசம்?"

தரையில் சிதறிக் கிடந்த கீரைக் காம்புகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அக்கா கீரைத் தட்டை மடியில் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"பாவம், அந்தத் தாளக் கொண்டாந்த கிராணி. இத்தன வருசமா அவனப் போயில்ல திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."